பழைய ஆட்டோ காருக்கு ஒரு கூலர்: கியர்பாக்ஸைக் காப்பாற்ற வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை

பீடோர் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் என் மாமாவிடம் ஒரு புரோட்டோன் வீரா 1.6 ஆட்டோ கார் இருக்கிறது. அத்தையை மாதம் இருமுறை ஈப்போவுக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போவதும், கேமரன் மலையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வருவதும் அந்தக் காரில்தான். வீட்டில் வேறு வாகனம் இல்லை.

கடந்த ஆண்டு தாப்பாவிலிருந்து மலையேறும்போது, ரிங்லெட்டுக்குச் சற்று முன்னால் கார் இழுக்க மறுத்தது. இன்ஜின் அலறியது, சக்கரம் நகரவில்லை. எப்படியோ திரும்பி இறங்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் எண்ணெய் சிராப் பண்டுங் மாதிரி இளஞ்சிவப்பாக, நுரைத்து இருந்தது. "அங்கிள், கியர்பாக்ஸ் போச்சு" என்றார். பிரித்துச் சரிசெய்ய 3,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார். காரை விற்றாலே அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம்.

கடைசியில் ஹாஃப்-கட் கடையில் ஒரு பழைய கியர்பாக்ஸைத் தேடி வாங்கி மாற்றினார்கள். "இதுவும் போனால் என்னிடம் காசில்லை" என்றார் மாமா. அந்தப் பயத்தில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே தனியாக ஒரு கியர்பாக்ஸ் கூலர் பொருத்தினார். டார்ச்லைட் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். பழைய ஆட்டோ கார் வைத்திருக்கும் பலருக்கும் இது உதவும் என்பதால் அன்று பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

கியர் எண்ணெய் ஏன் சூடாகிறது?

மேனுவல் காரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச் தட்டு இணைக்கிறது. ஆட்டோ காரில் அந்த வேலையை டார்க் கன்வெர்ட்டர் செய்கிறது. இது எண்ணெய் நிறைந்த ஓர் உருண்டை. உள்ளே ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றியடிக்க, அந்த வேகத்தில் எதிரே உள்ள இன்னொரு விசிறி சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி வெப்பமாக மாறி எண்ணெயில் இறங்குகிறது. மலையேற்றம், நெரிசலில் நகர்ந்து நகர்ந்து நிற்பது, காரில் 5 பேரும் பின்னால் அரிசி மூட்டையும் என்றால் இந்த வித்தியாசம் அதிகம். தாப்பாவிலிருந்து தானா ராட்டா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதையில் சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். கியர்பாக்ஸுக்கு அது சோதனைதான். பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலையில் 4 மணி நேரம் ஊர்வதும் அதற்குக் குறைந்ததல்ல.

கியர் எண்ணெய் சுமார் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது பட்டறைகளில் சொல்லும் தோராயக் கணக்கு. 120 பாகையை நெருங்கினால் எண்ணெய் கருகி, உள்ளே வார்னிஷ் மாதிரிப் படியும். ரப்பர் சீல்கள் இறுகும், அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. ஒன்றிலிருந்து ஒன்றாக வளரும் நோய் இது.

தமிழில் இதைப் 'பற்சக்கரப் பெட்டி' என்று எழுதலாம்தான். பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் பட்டறையில் போய்ப் பற்சக்கரப் பெட்டி என்றால் மெக்கானிக் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே கியர்பாக்ஸே இருக்கட்டும்.

ரேடியேட்டருக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

கார் கம்பெனிகள் இந்தச் சூட்டைத் தணிக்க ஏற்கெனவே ஒரு வழி செய்திருக்கின்றன. பெரும்பாலான பழைய ஆட்டோ கார்களில் ரேடியேட்டரின் அடித் தொட்டியிலோ பக்கத் தொட்டியிலோ ஒரு சிறு குழாய்க் கூலர் மறைந்திருக்கும். கியர் எண்ணெய் அதற்குள் ஓடும். சுற்றிலும் ரேடியேட்டர் தண்ணீர். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே.

நம்மவர்களின் பழக்கம் ஒன்று உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் பைப் தண்ணீரை ஊற்றிவிடுவோம். கூலன்ட் வாங்கிக் கலப்பவர்கள் குறைவு. ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடினால் உள்ளே துருப்பிடிக்கும், அரிக்கும். ஒருநாள் அந்தச் சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். தண்ணீர் கியர் எண்ணெயில் கலக்கும், எண்ணெய் ரேடியேட்டரில் மிதக்கும். மாமாவின் காரில் நடந்தது அதுவே. கியர்பாக்ஸின் உராய்வுத் தட்டுகளை ஒட்டியிருக்கும் பசை தண்ணீர் பட்டால் கழன்றுவிடும். பல நேரங்களில் எண்ணெயை மட்டும் மாற்றிப் பிழைக்க வைக்க முடிவதில்லை.

ஆகவே கூலரைப் பற்றி யோசிப்பதற்கு முன், இன்றே செய்யக்கூடியது ஒன்று: இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் படலமோ இளஞ்சிவப்பு நுரையோ தெரிந்தால் காரை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கியர் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நலம். பழுப்பு நிறமும் கருகல் வாடையும் என்றால் எண்ணெய் மாற்றும் காலம் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே வழுக்கும் கியர்பாக்ஸைக் கூலர் குணப்படுத்தாது. நன்றாக இருப்பதை நீண்ட நாள் வைத்திருக்கத்தான் அது.

வாங்க வேண்டியவை

கூலரில் இரண்டு வகை அதிகம் கிடைக்கும். ஒன்று, வளைந்த குழாயில் தகடு கோத்தது, விலை குறைவு. மற்றது, தட்டுகளை அடுக்கிச் செய்தது. அதே அளவில் கூடுதலாகக் குளிர்விக்கும். மாமா இரண்டாவது வகையில் சிறியதாக ஒன்று வாங்கினார். 1.6 காருக்கு அது போதும். பெரியதுதான் நல்லது என்று நினைத்து அகலமாக வாங்கினால், ஏர்கோனுக்கும் ரேடியேட்டருக்கும் போகும் காற்றை அது மறைக்கும்.

ஹோஸில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பெட்ரோல் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ போட்டால் சூடான கியர் எண்ணெயில் ஊறி மெத்தென்றாகிவிடும். கியர்பாக்ஸ் கூலருக்கென்றே விற்கும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் பழைய ஹோஸோடு ஒத்துப்போக வேண்டும்; ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோனால் குழப்பமில்லை. நல்ல கிளிப்புகள் 4 அல்லது 6 வேண்டும். கியர் எண்ணெய் 2 லிட்டர் கையிருப்பில் இருக்கட்டும். காரின் கையேட்டில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதுதான். மிட்சுபிஷி வழிவந்த கியர்பாக்ஸ்களுக்குப் பெரும்பாலும் எஸ்.பி. வகை எண்ணெய். "எல்லாம் ஒன்னுதான் அங்கிள்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

மாமாவுக்கு எல்லாம் சேர்த்து 300 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. புது ரேடியேட்டர் இதில் சேராது. அது கியர்பாக்ஸ் மாற்றியபோதே போட்டது.

வேலை நடந்த விதம்

முதலில் இடம். தோட்டத்து வீட்டு வாசல் செம்மண், ஜாக் புதையும். பக்கத்து வீட்டுச் சிமெண்டுத் தரையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கில் தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார் மாமா. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கவே கூடாது. இன்ஜின் ஆறவும் 2 மணி நேரம் விட்டோம்.

முன் பம்பரைக் கழற்றினால் கை நன்றாக நுழையும். ஏர்கோன் கண்டென்சருக்கு முன்னால், காற்று நேராக அடிக்கும் இடத்தில் கூலர் உட்கார வேண்டும். கூலரோடு பிளாஸ்டிக் ஊசிகள் சில வரும். அவற்றைக் கண்டென்சரின் இடுக்குகளில் குத்தி இழுத்துக் கட்டச் சொல்வார்கள். மாமா அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஓடும் காரின் அதிர்வில் அவை தேய்த்துத் தேய்த்துக் கண்டென்சரில் ஓட்டை போட்டால் ஏர்கோன் கேஸ் போய்விடும். அதற்குப் பதிலாக, துளையிட்ட இரும்புப் பட்டையை வளைத்து, பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்தில் முடுக்கினார். கூலருக்கும் கண்டென்சருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. கூலரின் வாய் இரண்டும் மேல்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்காது.

அடுத்தது, எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்று கண்டுபிடிப்பது. ரேடியேட்டரில் கியர் எண்ணெய்க் குழாய்கள் இரண்டு இருக்கும். ஒரு ஹோஸைக் கழற்றி, ஹோஸின் முனையை ஒரு போத்தலிலும், ரேடியேட்டர் முனைக்கு இன்னொரு துண்டு ஹோஸ் மாட்டி அதை வேறு போத்தலிலும் விட்டோம். லீவர் பி-யில் இருக்க, நான் இன்ஜினைத் தட்டி 3 விநாடியில் அணைத்தேன். ரேடியேட்டர் பக்கப் போத்தலில் எண்ணெய் வந்தது. அப்படியென்றால் நாம் கழற்றியது திரும்பும் குழாய். ஹோஸிலிருந்து வந்திருந்தால் அது போகும் குழாய். 3 விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் வறண்டுவிடும்.

கூலரைத் திரும்பும் வழியில் சேர்ப்பதே வழக்கம். எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குள் ஓடிப் பெரும் சூட்டை விடும். பிறகு வெளிக் கூலரில் மிச்சச் சூட்டை விட்டு கியர்பாக்ஸுக்குத் திரும்பும். ரேடியேட்டரின் திரும்பும் முனையிலிருந்து கூலருக்கு ஒரு ஹோஸ், கூலரிலிருந்து கியர்பாக்ஸ் குழாய்க்கு ஒரு ஹோஸ். அவ்வளவுதான்.

ரேடியேட்டரை முழுவதும் ஒதுக்கிவிட்டுக் கூலரை மட்டும் நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ரேடியேட்டர் பழையது, மாற்றக் கையில் காசில்லை என்றால் அதில் நியாயம் உண்டு. தண்ணீர் கலக்கும் பயமே இல்லை. ஆனால் அப்போது சிறிய கூலர் போதாது. நெரிசலில் கார் நிற்கும்போது காற்று வராது என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஹோஸை முனையின் மேட்டைத் தாண்டித் தள்ளி, மேட்டுக்குப் பின்னால் கிளிப் போட வேண்டும். ஃபேன், பெல்ட், எக்ஸாஸ்ட் பக்கம் போகவிடாமல், மடியாமல், தகடு உரசும் இடத்தில் இன்னொரு ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டினார் மாமா. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்தது. எனக்குக் கை வலித்ததால் சொல்லவில்லை. பிறகு எண்ணெய் கசிவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

போத்தல்களில் வடிந்த அளவைப் பார்த்து அதே அளவு புதிய எண்ணெய் ஊற்றினோம். கூலரும் ஹோஸும் குடிப்பதற்காக இன்னும் கொஞ்சம். இன்ஜினை ஓடவிட்டு, கால் பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தினார். பிறகு காரைக் கீழே இறக்கி, ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வந்து அளவு பார்த்தோம். வீராவில் சமதரையில், இன்ஜின் ஓடும்போதே, லீவரை என்-இல் வைத்துப் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் பொதுவாக பி-யில். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். எப்போதும் கையேடு சொல்வதே சரி. அளவு கூடினாலும் கெடுதிதான், எண்ணெய் நுரைத்துவிடும்.

சி.வி.டி. கியர் உள்ள புதிய கார்களில் இந்த வேலையை வீட்டில் தொடாதீர்கள். அவற்றின் எண்ணெயும் அளவு பார்க்கும் முறையும் வேறு.

மலையேறும்போது ஓ.டி. பொத்தான் இருந்தால் அணைத்துவிடுவதும், செங்குத்தான இடத்தில் லீவரை 2-இல் வைப்பதும் உதவும். கியர் மேலும் கீழும் அலையாது, சூடும் குறையும்.

வடிந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் அதே போத்தல்களில் மூடிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் கழிவு எண்ணெய்த் தோம்பில் ஊற்றிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் காருக்கடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டு இருந்தது. ஒரு கிளிப்பை அரைச்சுற்று முடுக்கினார் மாமா. அடுத்த வாரம் அத்தையோடு ஈப்போ போய் வந்த பிறகும், மாத இறுதியில் தானா ராட்டா போய் வந்த பிறகும் அட்டை காய்ந்தே இருந்தது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் சிவப்பு.

அட்டையை அவர் இன்னும் எடுக்கவில்லை.