இடவப்பாதியில் அழுகும் வேர்

சாயா எடுத்துக்கோங்க, நிதானமாகவே சொல்கிறேன். தெற்குக் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் சிட்அவுட்டிலும் ஹாலிலும் வைக்கிற செடிகள் வெயிலில் காய்ந்து சாவது குறைவு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் அழுகிச் சாவதுதான் அதிகம்.

இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போனால்தான் வேர் புதுத் தண்ணீரை இழுக்கும். ஜூன் பிறந்தால் வானம் மூடிக்கொள்கிறது, காற்றே ஈரமாக இருக்கிறது. சாரலுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். செடி குடிப்பது குறைந்துபோகிறது. நாமோ சித்திரையில் ஊற்றிய அதே அளவை ஊற்றுகிறோம். மண் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். வேருக்கும் மூச்சு வேண்டுமே! தளர்ந்த வேரில் அழுகல் ஏறும், இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். அதோடு செடி போயிற்று.

இடவப்பாதி ஓய்ந்தாலும் ஐப்பசியில் துலா மழை வந்துவிடும். அதனால் 'இரண்டு நாளைக்கு ஒருமுறை' என்ற கணக்கே இந்த ஊருக்கு ஆகாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம்.

வேர் அழுகியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், உதாரணமாக ஸ்நேக் பிளான்ட்டைத் தொட்டியோடு சாய்த்து மெல்ல வெளியே எடுங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் பழுப்பேறிய மேல்தோல் உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மட்டும் நிற்கும், நாற்றமும் அடிக்கும். அதையெல்லாம் வெட்டிவிட்டு, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். ராத்திரியில் இலைத்துளை திறந்து, பகலில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் மேற்கு ஆப்பிரிக்கச் செடி அது. பிழைத்துக்கொள்ளும்.

வெறும் செம்மண் தொட்டியில் இறுகிவிடும். சகிரிச்சோறு (தென்னை நார்த்தூள்) கலக்கலாம், ஆனால் கழுவி உப்பை எடுத்தபிறகு, அதுவும் கொஞ்சமாக. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது. கூடவே மணலும் கரித்துண்டும் போடுங்கள். பீங்கானைவிட மண்சட்டியே இங்கே நல்லது, சுவர் வழியாகவும் ஈரம் போகும்.

மணி பிளான்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அதை வைத்திருக்கும் பாட்டில் தண்ணீரிலும், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அந்த முட்டை கொசுவாகிவிடும். கேரளச் சுகாதாரத் துறை ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் டிரை டே கடைப்பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். அன்று தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிய முட்டைகள் உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.