புல்லியின் கழுத்தில் ஒரு மரை

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்மூடியைத் தூக்கியதும் கண்ணில் படுவது ஒரு பெல்ட். கீழே கிராங்க் ஷாஃப்டின் நுனியில் பெரிய புல்லி, மேலே ஜெனரேட்டரின் சிறிய புல்லி. தண்ணீரே இல்லாத எஞ்சின் அது. ஜெனரேட்டரின் மறுமுனையில் சுழலும் விசிறிதான் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றடித்துச் சூட்டைத் தணித்தது. பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு மேல் வண்டியை ஓட்டினால் எஞ்சின் வெந்துவிடும். ஓட்டியவர்கள் ஓரங்கட்டி, கூடவே வைத்திருந்த மாற்று பெல்ட்டைத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். இறுக்கம் சரியா என்று பார்க்கக் கட்டைவிரல் போதும். அழுத்தினால் 15 மி.மீ. அளவுக்குப் பெல்ட் உள்வாங்க வேண்டும்.

கீழே உள்ள பெரிய புல்லியைக் கழற்றுவது அதைவிடச் சற்றுப் பெரிய வேலை. ஆனாலும் சொந்தக்காரர் செய்யக்கூடிய வேலையாகவே அது இருந்தது. 1600 சி.சி. எஞ்சினில் அதைப் பிடித்திருப்பது 30 மி.மீ. தலையுள்ள ஒரே போல்ட். வண்டியை நாலாவது கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நீளக் கைப்பிடி மாட்டிய சாக்கெட்டால் இடப்பக்கம் திருப்பினால் போல்ட் இளகும். புல்லி இளகாது. இரண்டு ஸ்க்ரூடிரைவர்களைச் செருகி நெம்பத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நெம்பினால் புல்லியின் விளிம்பு வளையும், எஞ்சின் கூடும் சிதையும். கூடு மக்னீசியக் கலவையில் வார்த்தது, ஓரம் சுலபமாகப் பெயர்ந்துவிடும். புல்லியின் முகத்திலேயே துளைகள் உண்டு. புல்லர் என்ற இழுப்புக் கருவியின் கொக்கிகளை அவற்றில் மாட்டி, நடுத்திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் டக்கென்று சத்தம் கேட்கும். புல்லி கைக்கு வந்துவிடும்.

வந்த புல்லியின் கழுத்தை மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டில் இருப்பதுபோல அதில் ஒரு மரை வெட்டியிருக்கும். எதையும் முறுக்கி இறுக்குவதற்கான மரை அல்ல அது. அந்த இடத்தில் ரப்பர் சீல் கிடையாது. வெளியே கசியப் பார்க்கும் ஆயிலை, எஞ்சின் சுழலச் சுழல, இந்த மரையே சுருட்டி உள்ளே தள்ளிவிடும். பின்னால் கிண்ணம்போல் குழிந்த மெல்லிய தகடு ஒன்று இருக்கும், ஆயிலைச் சிதறடிக்க. குழிந்த பக்கம் புல்லியைப் பார்க்கும்படி அதை மாட்ட வேண்டும். தேய்வதற்கோ காய்ந்து வெடிப்பதற்கோ அங்கே ரப்பர் என்று ஒன்றும் இல்லை. ஒரு புல்லியின் கழுத்துக்குள் இவ்வளவு யோசனையை வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

அந்த மரைக்குக் குறையும் உண்டு. தூசி உள்ளே போகும்; வயதான எஞ்சினில் உள்ளழுத்தம் கூடினால் ஆயில் வெளியே வரும். பழைய பீட்டில் நிற்கும் தரையில் ஆயில் கறை பார்க்காதவர்கள் குறைவு. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, புல்லியைக் கையால் சுற்றி, வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்குச் சரிசெய்யவும் வேண்டும். 1969இல் அமெரிக்காவில் ஜான் மியூர் எழுதிய ஃபோக்ஸ்வாகன் பழுதுபார்ப்புக் கையேடு, ஸ்பேனர் பிடித்தே அறியாதவர்களை நம்பி எழுதப்பட்டது. அவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினையே இறக்கினார்கள்.

இன்றைய எஞ்சினில் அதே நுனியில் ரப்பர் சீல் இருக்கிறது. தரை சுத்தமாக இருக்கிறது. ஆயில் 10,000, 15,000 கிலோமீட்டர் தாங்குகிறது. இவை சின்ன லாபங்கள் அல்ல. ஆனால் புல்லியைத் தொடுவது வேறு விஷயமாகிவிட்டது. ஃபோர்டின் டுராடெக் 4 சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். பீட்டிலில் புல்லியை ஷாஃப்டில் அதனிடத்தில் நிறுத்த அரைவட்டமாக ஒரு இரும்புக் கீ உண்டு. டுராடெக்கில் கீயே இல்லை. போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் புல்லியையும் டைமிங் செயினின் பல்சக்கரத்தையும் பிடித்து நிறுத்துகிறது. பூட்டும் பின்களைப் போடாமல் இளக்கினால் எஞ்சினின் டைமிங்கே நழுவிவிடும். திரும்ப மாட்டும்போது புதிய போல்ட் போட்டு, 100 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதற்கு மேல் 90 டிகிரி திருப்ப வேண்டும். பழைய போல்ட் நீண்டிருக்கும். அதைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஜெர்மனியில் செய்த, நிலையான கூரையுள்ள கடைசி பீட்டில் 1978 ஜனவரியில் எம்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1914இல் சென்னைமீது குண்டு வீசிய கப்பல் பெயர் வாங்கிய அதே ஊர். 2022 முதல் அங்கே ஐடி.4 என்ற மின்சாரக் கார் தயாராகிறது. அதில் கிராங்க் ஷாஃப்ட் இல்லை, பெல்ட் இல்லை, கழற்றப் புல்லியும் இல்லை. மெக்சிகோவின் புயெப்லாவில் 2003 ஜூலை 30 அன்று உலகின் கடைசி பீட்டிலும் வெளிவந்துவிட்டது. மொத்த எண்ணிக்கை 2,15,29,464.

மிச்சமிருக்கும் எஞ்சின்களைப் பிரிப்பவர்கள் இப்போது இரண்டு கட்சி. ஒரு சாரார் கூட்டைக் கடைந்து ரப்பர் சீல் பொருத்திக்கொள்கிறார்கள். பாலைவன மணலில் ஓடிய பக்கி வண்டிகளுக்காக வந்த ஏற்பாடு அது. மற்றவர்கள் பழைய மரையைத் துடைத்து, கழுத்தில் துளி ஆயில் தடவி, கீயைப் பார்த்துப் புல்லியை உள்ளே தள்ளுகிறார்கள். போல்ட்டை முடுக்கியதும் கையால் ஒரு சுற்று சுற்றுகிறார்கள், விளிம்பிலுள்ள வெட்டு எஞ்சின் கூட்டின் இரு பாதிகளும் சேரும் கோட்டுக்கு நேராக வந்து நிற்கும்வரை.