சுருட்டுக்கு வயதானால் ருசி கூடுமாம்! மேலிலைக்கும் கூடுமா? தெரியுமா?

சுருட்டு ஒரே இலையில் சுற்றியதல்ல, தெரியுமா? உள்ளே அடைக்கும் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று சுற்றும் மேலிலை. பெட்டியில் பூட்டி வைத்தால் இவை எல்லாம் ஒரே மாதிரி மூப்பதில்லை!

புதுச் சுருட்டை மூக்கருகே கொண்டுபோனால் சில சமயம் சுருக்கென்று ஏறும். அம்மோனியா! இலைகளை அம்பாரமாகக் குவித்துப் புழுங்க வைக்கும்போதே பெரும்பகுதி போய்விடும். மிச்சம் மாதக்கணக்கில் மெல்ல அடங்கும். காரமான உள்ளிலை வருடங்கள் போகப் போகச் சாந்தமாவது உண்மைதான். உடம்புக்குச் செய்யும் கெடுதல் மட்டும் அடங்குவதே இல்லை.

மேலிலை சமாசாரம் வேறு. வெங்காயச் சருகு போன்ற மெல்லிய மேலிலைக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த ஊர் எது தெரியுமா? சுமத்ராவின் டெலி! 1863-ல் யாகோபுஸ் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே போய்ப் புகையிலை பயிரிட்டார். அந்தத் தோட்டங்கள் பெருகியபோது கடல் கடந்து பிழைக்கப் போனவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அங்குள்ள மேடான் நகரில் அவர்களின் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884-ல் எழுந்தது!

சுமத்ரா இலை அமெரிக்கச் சந்தையை அள்ளிக்கொண்டு போக, கனெக்டிகட்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1900-ல் வின்ட்சர் ஊரில் சுமத்ரா விதையை ஊன்றி, வயல் முழுக்கத் துணிப்பந்தல் போட்டுவிட்டார்கள்! வெயில் வடிகட்டி விழும். பந்தலுக்குள் ஈரம் தங்கும். இலை அகலமாக, மெலிதாக, எண்ணெய்ப்பசை குறைவாக வளரும். 1944 கோடையில், கல்லூரியில் சேரும் முன், பதினைந்து வயது மார்ட்டின் லூதர் கிங் கூலி வேலை பார்த்தது இதே மாநிலத்துப் புகையிலை வயலில்தான்! மேலிலை விளையும் இன்னொரு இடமான கேமரூனில் பந்தலே கிடையாது. அங்கே மேகமே நிழல் தருகிறது.

எண்ணெய்ப்பசை குறைந்த இலையில் மூத்துப் பழுக்கச் சரக்கு கொஞ்சம்தான். அதன் மென்மணம்தான் முதலில் பறந்துபோகும். கனெக்டிகட் மேலிலை போர்த்திய மிதமான சுருட்டுக்கு ஓரிரு வருடம் தாராளம். பத்து வருடம் வைப்பது வீண் என்றே சொல்வேன். உள்ளே காரமான இலை இருந்தால் காத்திருப்பதில் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் உள்ளிலைக்குத்தான்!

அதுவரை மேலிலை பிழைக்க வேண்டுமே! ஈரம் கூடினால் உள்ளிலை உப்பும், மேலிலை படக்கென்று பிளக்கும். காய்ந்தாலோ விரல் பட்ட இடத்தில் நொறுங்கும். அதனால்தான் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி.

பெட்டிக்குள் பலகையாக இருப்பது 'ஸ்பானிஷ் சிடார்'. அது சிடாரே அல்ல, நம் வேப்பமரத்தின் குடும்பம்! அந்த மரத்தின் மணத்தையும் மீறி வரும் எதிரி புகையிலை வண்டு. வெப்பம் ஏறினால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி மேலிலையில் குண்டூசித் துளை போட்டு வெளியே வரும். இழுத்தால் புகைக்குப் பதில் காற்றுதான்! இதற்காகவே பல தொழிற்சாலைகளில் சுருட்டுகளை வெளியே அனுப்பும் முன் உறைய வைத்து எடுக்கிறார்கள்.