உறங்கும் இதயத் தசை



'இதயத்தின் ஒரு பகுதி சரிவர இயங்கவில்லை' என்று வைத்தியர் கூறியதும், அப்பகுதி இறந்துவிட்டது என நோயாளியும் குடும்பத்தாரும் நம்பிக்கை இழந்துவிடுகின்றனர். இயங்காத தசையெல்லாம் இறந்த தசையன்று என்பதை நீங்கள் அறிந்துகொள்ளல் அவசியமாகும்.

இதயம் தனக்கு வேண்டிய குருதியை முடியுரு நாடிகள் வழியாகப் பெறுகின்றது. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, பாதை நீண்டகாலம் ஒடுங்கியிருப்பின் தசைக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைகின்றது. அப்போது தசைக் கலங்கள் சுருங்கி விரியும் வேலையைக் குறைத்து, உயிர் தரிப்பதற்கான சக்தியை மாத்திரம் செலவிடுகின்றன. வருமானம் குன்றிய வீட்டார் செலவைச் சுருக்கிக் காலம் கடத்துவதை இது ஒத்ததாகும். குளிர்காலத்தில் சில பிராணிகள் உறங்கிக் கிடப்பதைப் போன்றிருப்பதால் இதனை 'உறங்குநிலை இதயத் தசை' என்பர். அமெரிக்காவில் பணியாற்றிய ஷஹாபுத்தீன் ரஹீம்தூலா எனும் இதயநோய் நிபுணர் 1980களில் இக்கருத்தை விளக்கி, மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார்.

உறங்கும் தசையையும் இறந்து வடுவாகிய தசையையும் எவ்வாறு பிரித்தறிவது? டொபுடமைன் எனும் மருந்தைச் சிறிதளவு ஏற்றி எக்கோ பரிசோதனை செய்வர். அசையாதிருந்த பகுதி அப்போது அசையுமாயின் அதில் உயிருண்டு. எம்.ஆர்.ஐ. பரிசோதனை வடு எவ்வளவு என்பதைக் காட்டும். பெற் ஸ்கேன், அத்தசை குளுக்கோசை உள்ளெடுக்கின்றதா என்பதைக் காட்டும்.

குருதியோட்டம் சீராக்கப்பட்டால் இத்தசை மீண்டும் இயங்கக்கூடும். அதற்குப் பல மாதங்களும் செல்லலாம். எனினும், தசை உயிருடன் உள்ளதென்பதற்காக எல்லோருக்கும் நாடியை விரித்து ஸ்டென்ட் வைப்பது பயன் தருமெனக் கருதலாகாது. பிரித்தானியாவில் இத்தகைய 700 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு, மருந்துடன் ஸ்டென்ட் வைத்தமை மரணத்தைக் குறைக்கவில்லை எனக் கண்டது. மறுபுறம், இதயம் பலவீனமுற்றோருக்குச் செய்யப்பட்ட பைபாஸ் சத்திரசிகிச்சை பத்தாண்டுக் காலத்தில் மரணங்களைக் குறைத்தமை 2016இல் வெளியான வேறோர் ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, எச்சிகிச்சை பொருத்தமானது என்பதை இதயநோய் நிபுணரிடமே கேட்டறியுங்கள். அவர் தந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னுமொன்றையும் மறவாதீர்கள். திடீர் மாரடைப்பு இதனின்றும் வேறானது. நாடி முற்றாக அடைபட்டால் அரை மணி நேரத்திற்குள்ளேயே தசை இறக்கத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்தும் வலி ஏற்பட்டால் விடியட்டும் எனக் காத்திராது உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.