வேலைக்கும் ஒரு கொப்பி வேண்டும்

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனமான அது, தவணை குறித்துக் கடன் கொடுத்தாலோ வாங்கினாலோ அதை எழுதி வைக்குமாறு கட்டளையிடுகிறது. தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோம்பல் படக்கூடாது என்றும், சந்தேகம் எழாதிருக்க அதுவே ஏற்ற வழி என்றும் காரணம் சொல்கிறது. நல்ல மனிதர்களுக்கும் மறதி உண்டு என்பதே இதன் அடிப்படை.

எங்கள் ஓப்பநாயக்க கடைகளில் கடன் கொப்பி இல்லாமல் வியாபாரம் நடப்பதில்லை. தேயிலைத் தோட்டங்களிலும் எழுத்துதான் ஆட்சி செய்கிறது. பறித்த கொழுந்தின் நிறை எழுதப்படும். செக்ரோலில் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். ஆனால் அந்தப் புத்தகம் தொழிலாளியின் கையில் இருப்பதில்லை. மாதக் கடைசியில் கணக்குக் குறைந்தால், தானும் ஒரு குறிப்பு வைத்திருப்பவருக்கே நியாயம் கேட்க ஓர் ஆதாரம் இருக்கும்.

இன்று இந்தப் பகுதிப் பிள்ளைகளும் மென்பொருள் பொறியியலாளர்களாகி, வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வேலை செய்கிறார்கள். நானும் அப்படி வேலை செய்பவன்தான். எங்கள் வேலை யாருடைய கண்ணிலும் படுவதில்லை. இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்த ஒரு பிழை, கடைசியில் ஒரே வரித் திருத்தமாகவே வெளியே தெரியும். வருடாந்த மதிப்பீட்டின்போது ஜனவரியில் என்ன செய்தோம் என்பது எங்களுக்கே நினைவிருக்காது. அலுவலகத்தில் முகாமையாளரின் அருகில் இருப்பவருக்கு இது சிறிய குறை. தூரத்தில் இருப்பவருக்கு இதுவே சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் விடயமாகிவிடலாம்.

“எல்லாம் கிட்டில் பதிவாகிறதே?” என்று சிலர் கேட்கலாம். 2005இல் உருவான கிட் என்ற கருவி எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைச் சரியாகச் சொல்லும். ஏன் அப்படி மாற்றினோம், வேறு எந்த வழிகளை முயன்று கைவிட்டோம் என்பதை நாம் எழுதினாலன்றி அதற்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரல் எழுதும் இக்காலத்தில் அந்த ‘ஏன்’ இன்னும் வேகமாகத் தொலைந்து போகிறது.

இத்துறையின் முன்னோர்கள் எழுதி வைத்தவர்களே. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியது. இயக்குநர்கள் அதை எடுத்து, நேரத்தைக் குறித்து, பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத், பத்து ஆண்டுகளாகத் தன் பிழைகளையும் மாற்றங்களையும் ஒன்று விடாமல் குறித்தார். 850க்கும் மேற்பட்ட அந்தப் பதிவுகளை 15 வகைகளாகப் பிரித்து 1989இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

எமது பாரம்பரியத்திலும் இது உண்டு. 11ஆம் நூற்றாண்டு பக்தாதின் ஹன்பலி அறிஞர் இப்னுல் பன்னா தன் கையாலேயே எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி இன்றும் கிடைக்கிறது. அது ஹிஜ்ரி 460, 461ஆம் ஆண்டுகளின் அன்றாட நிகழ்வுகளைத் திகதி வாரியாகச் சொல்கிறது.

எப்படி எழுதுவது? நீண்ட கட்டுரை தேவையில்லை. காலையில் வேலை தொடங்கும்போது, இன்று முடிக்க வேண்டிய ஒன்றிரண்டு விடயங்கள். இடையில், நினைத்தது, சோதித்தது, விளைவு. முடிக்கும்போது, நாளை தொட வேண்டிய முதல் வேலை. ஓர் உதாரணம்:

செவ்வாய் 10.40. பில்லின் மொத்தம் 1 சதம் குறைகிறது. தள்ளுபடிக்கு முன்பே தசமங்கள் முழுமையாக்கப்படுவதால் இருக்கலாம். முழுமையாக்கலைக் கடைசிக்கு மாற்றினேன். 40 பில்களில் 38 சரி. மீதி 2உம் டொலர் பில்கள். அடுத்தது: நாணய அட்டவணை.

இதை எழுத இரண்டு நிமிடம் போதும். மறுநாள் அந்த இரண்டு பில்களிலிருந்தே நேராகத் தொடங்கலாம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் இந்தக் கணக்கை ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் பதிலும் கையில் இருக்கும்.

இடையூறுகளுக்கும் இதுவே மருந்து. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. இன்றும் சப்ரகமுவையின் மாலை மழையோடு மின்சாரம் போவதுண்டு. அடுத்த படியை எழுதி வைத்தவர் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்தில் தொடர்வார். எழுதாதவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். லுஹருக்கும் அஸருக்கும் எழும்போதும் ஒரு வரி எழுதிவிட்டு வுழூச் செய்யுங்கள். தொழுகையில் மனம் பிழையைத் தேடி அலைவது குறையும். சுபஹுக்குப் பின்னுள்ள அமைதியான நேரத்தைக் கடினமான வேலைக்கும், கூட்டங்கள் நிறைந்த நேரத்தைச் சிறு வேலைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதையும், சில வாரக் குறிப்புகளைப் புரட்டினால் கொப்பியே காட்டித் தரும்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த வாரப் பக்கங்களைப் படித்து, முடித்த வேலைகளை ஐந்து வரிகளில் சுருக்குங்கள். ஆண்டு முடிவில் அந்த ஐம்பது சுருக்கங்களே உங்கள் மதிப்பீட்டு அறிக்கை. அதில் சரிவராத முயற்சிகளும் உண்மையாக இருக்கட்டும். வெற்றிகளை மட்டும் எழுதும் கொப்பி, வரவை மட்டும் எழுதும் கடைக்கணக்கைப் போன்றது.

சில எச்சரிக்கைகள். கடவுச்சொற்களையும் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம் போன்ற விபரங்களையும் எழுதக்கூடாது, அவை அமானிதம். நிறுவனத்தின் இரகசியங்களைச் சொந்தக் கொப்பியில் வைக்கலாமா என்பதற்கு ஒப்பந்தத்தைப் பாருங்கள். சக ஊழியரின் குறைகளைச் சேகரிக்கவும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

விலை உயர்ந்த செயலி எதுவும் வேண்டாம். நூறு பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் நாளைய திகதியைப் போட்டு வையுங்கள்.