டெபியன் சிட்: அறியப்பட்ட வழுக்களும் தீர்வுகளும்

சிட் என்பது டெபியன் லினக்சு இயக்குதளத்தின் நிலையற்ற கிளையாகும். டாய் ஸ்டோரி திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது. புதிய பொதிகள் பொதுவாக முதலில் சிட்டில் சேர்க்கப்படுகின்றன. சில நாட்கள் கடந்தும் புதிய கடும் வழு பதிவாகாத பொதிகளே சோதனைக் கிளைக்கு நகர்கின்றன. எனவே வழுக்களை முதலில் எதிர்கொள்பவர் சிட் பயனரே. ஆயினும் அவற்றுள் பலவற்றை வேறொருவர் ஏற்கெனவே டெபியன் வழுப் பதிவில் தெரிவித்திருப்பார். மேம்படுத்தும் முன் அதைப் பார்ப்பதே முதல் தீர்வாகும்.

மேம்படுத்தும் முன்

ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்னும் நிரலை நிறுவினால், நிறுவப்படவுள்ள பொதிகளில் பதிவாகியுள்ள கடும் வழுக்களை அது பட்டியலிட்டு, தொடரலாமா என்று கேட்கும்.

பொதிகள் நீக்கப்படுதல்

ஒரு நிரலகத்தின் இடைமுகம் மாறும்போது அதைச் சார்ந்த நிரல்கள் அனைத்தும் மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். அப்பணி முடியும் வரை, முழு மேம்படுத்தல் கட்டளை பணிமேடைச் சூழலையே நீக்க முன்வரக்கூடும். நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் தரக்கூடாது. சில நாட்கள் காத்திருக்கலாம். அதுவரை எப்பொதியையும் நீக்காத சாதாரண மேம்படுத்தலைப் பயன்படுத்தலாம்.

பாதியில் நின்ற நிறுவல்

மின்தடை போன்றவற்றால் நிறுவல் நின்றுபோனால், டிபிகேஜி நிரலின் கான்ஃபிகர் கட்டளை எஞ்சிய பொதிகளை அமைத்து முடிக்கும். விடுபட்ட சார்புகளை ஆப்ட் நிரலின் ஃபிக்ஸ்-புரோக்கன் தெரிவு சரிசெய்யும்.

கணினி தொடங்காமை

புதிய கருனியில் கணினி தொடங்காவிட்டால், குரப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கருனியைத் தேர்ந்தெடுக்கலாம். எனவே புதியது சரியாக இயங்குவதை உறுதிசெய்யும் வரை பழையதை நீக்கக்கூடாது.

பழைய பதிப்பு

அண்மையில் மாறிய பொதிகளை ஆப்ட் நிரலின் வரலாற்றுக் கோப்பில் காணலாம். பழைய பதிப்புகள் டெபியனின் ஸ்னாப்சாட் காப்பகத்தில் கிடைக்கும். பதிப்பைக் குறைப்பதை டெபியன் முறைப்படி ஆதரிப்பதில்லை; எனவே பழுதான பொதியை மட்டும் மாற்றி, ஹோல்டு குறியிட்டு நிறுத்திவைக்க வேண்டும். வழு திருத்தப்பட்டதும் அக்குறியை நீக்க வேண்டும். இல்லையெனில் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரா.

பாதுகாப்பு

எக்ஸ்இசட் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைக்கப்பட்டிருந்த பின்கதவு 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. சிட் கணினிகளில் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருந்ததை ஆராய்ந்த ஆந்திரசு பிராய்ண்டு இதைக் கண்டறிந்தார். டெபியனின் நிலையான வெளியீட்டை அப்பதிப்புகள் எட்டவில்லை. சிட்டில் தென்படும் சிறு கோளாறையும் ஆராய்ந்து, ரிப்போர்ட்பக் நிரல் வழியாகத் தெரிவிப்பது பிற பயனர்களையும் காக்கும். முதன்மைப் பணிகளுக்கான கணினியிலும் வழங்கியிலும் நிலையான வெளியீட்டைப் பயன்படுத்துவதே தக்கது.