எந்த முகவரிக்கு எந்த சர்வ்லெட்?

ஜாவாவில் எழுதிய வலைச்செயலிக்கு ஒரு கோரிக்கை வந்ததும், அதை எந்த சர்வ்லெட்டிடம் ஒப்படைப்பது என்று டாம்கேட் போன்ற சர்வர் முடிவு செய்தாக வேண்டும். கோரிக்கையை வாங்கிப் பதில் தயாரிக்கும் ஜாவா கிளாஸ்தான் சர்வ்லெட். அதற்குத் தானாக முகவரி கிடையாது. வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் அதற்கு ஒரு பெயரிட்டு, அந்தப் பெயருக்கு ஒரு யுஆர்எல் பேட்டர்னை நாம்தான் எழுத வேண்டும். 2009இல் வந்த சர்வ்லெட் 3.0 முதல், கிளாஸின் தலைப்பில் @வெப்சர்வ்லெட் என்று குறித்தாலும் போதும். ஆனால் எங்கே எழுதுகிறோம் என்பதைவிட, பேட்டர்னை எவ்வளவு குறிப்பாக எழுதுகிறோம் என்பதில்தான் செயலியின் நலம் இருக்கிறது.

சர்வர் இந்த வரிகளை மேலிருந்து படித்துவந்து, முதலில் பொருந்தியதைப் பிடித்துக்கொள்வதில்லை. (சர்வ்லெட்டை அடையும் முன் கோரிக்கையைச் சோதிக்கும் ஃபில்டர்களுக்கு மட்டும் எழுதிய வரிசை செல்லும், இந்தக் குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொற்றுகிறது.) முகவரி அப்படியே முழுதாகப் பொருந்தும் பேட்டர்னுக்கே முதலிடம். அது இல்லாதபோது, /நூல்கள்/* போல நட்சத்திரத்தில் முடிபவற்றில் மிக நீளமானது. பிறகு *.ஜேஎஸ்பி போன்ற கோப்பு நீட்டிப்பு. எதுவுமே பொருந்தாதவை வெறும் / என்ற பேட்டர்னிடம் போகும். ஆகவே /நூல்கள்/* என்பது மேலே இருந்தாலும், /நூல்கள்/புதியவை/25 என்ற கோரிக்கை கீழே எழுதிய /நூல்கள்/புதியவை/* என்பதற்கே சேரும். இது நல்ல ஏற்பாடு. பலர் கைவைக்கும் கோப்பில் யாரோ வரிகளை இடம் மாற்றினாலும் செயலி தடம் மாறாது.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது /* என்ற பேட்டர்ன். பார்வைக்கு / போலவே இருந்தாலும், இது நட்சத்திர வகை என்பதால் கோப்பு நீட்டிப்பை முந்திக்கொள்கிறது. /* இட்ட சர்வ்லெட், பதிலை வடிவமைக்க ஒரு ஜேஎஸ்பி பக்கத்துக்குக் கோரிக்கையை ஃபார்வர்ட் செய்தால், அதுவும் இதே விதிகளின்படி அந்த சர்வ்லெட்டிடமே திரும்பி வரும். மறுபடி ஃபார்வர்ட், மறுபடி வரவு என்று ஸ்டாக் நிரம்பி வழியும்வரை சுழலும். எல்லாக் கோரிக்கைகளையும் ஓரிடத்தில் சோதிக்க /* தானே எளிய வழி என்று கேட்கலாம். லாகின் சோதனை போன்ற வேலைக்கு ஃபில்டர் இருக்கிறது. சோதித்துவிட்டு உரிய சர்வ்லெட்டிடம் அனுப்பிவைப்பதே அதன் பணி. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. ஸ்பிரிங்கின் டிஸ்பேச்சர்சர்வ்லெட்டும் ஒரு சர்வ்லெட்தான். கன்ட்ரோலர்களில் நாம் எழுதும் முகவரிகளை அது பார்ப்பதற்கு முன்பே சர்வரின் விதிகள் வேலையை முடித்துவிடுகின்றன. ஸ்பிரிங் பூட் அதற்குத் தானாகத் தரும் பேட்டர்ன் / தான், /* அல்ல.